கைப்பிடி அளவும் கைபேசிச் செயலியும்



பாடியில் எங்கள் தெருவிலுள்ள குடும்பங்களில் பல, தொழிற்சாலை வேலையை நம்பி வெளியூர்களிலிருந்து வந்தவை. லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா போன்ற ஆலைகளின் ஷிப்டு நேரமே எங்கள் அடுப்படிகளின் நேரமாகவும் இருந்தது. ஒவ்வொரு குடும்பத்தோடும் அதன் ஊர்ச் சமையலும் வந்து சேர்ந்தது. ஆம்பூர்க்காரர் வீட்டில் சீரகச் சம்பா பிரியாணி, கீழக்கரைக்காரர் வீட்டில் தொதல். நோன்புக் கஞ்சியிலோ வீட்டுக்கு வீடு வேறு பக்குவம்.

எங்களில் ஒருவரின் மகள், சமையல் குறிப்புகளைப் பகிரும் செயலி ஒன்றை நடத்தும் நிறுவனத்தில் பயனர் ஆய்வாளராகப் பணிபுரிகிறாள். செயலியைத் திறப்பவர்கள் அதில் நீடிப்பதில்லை, அவர்களின் ஈடுபாட்டைக் கூட்ட வழி கண்டுபிடி என்று அவளிடம் கூறியிருந்தார்கள். ஐந்து பேரைக் கவனித்தாலே ஒரு வடிவமைப்பின் பெரும்பாலான இடர்ப்பாடுகள் தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதியதை நம்பி, அவள் எங்கள் தெருவில் ஐந்து வீடுகளைத் தேர்ந்துகொண்டாள். கடந்த ரமலானின் முதல் பத்து நாட்களில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் அவளுக்கு எங்கள் அடுப்படிகளில் கழிந்தது.

பிறர் வீட்டினுள் நுழையுமுன் அனுமதி பெற்று ஸலாம் சொல்லவேண்டும் என்பது சூரா அந்நூர் நமக்குக் கற்பிக்கும் ஒழுக்கம். ஆய்வாளர்களும் ஒப்புதல் படிவம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஆனால் படிவத்தில் கையெழுத்திட்டவர் எல்லாரும் மனமொப்பித்தான் இட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு வீட்டில் மாமி, "வா கண்ணு, உட்கார். ஆனால் கேமரா வேண்டாம்" என்றார். அவள் கேமராவைப் பையில் போட்டுவிட்டுக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டாள். அந்த வீட்டிலிருந்துதான் அவளுக்கு மிகுதியான செய்திகள் கிடைத்தன.

செயலியை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டால், "நன்றாக இருக்கிறது" என்றுதான் நாங்கள் எல்லாரும் சொன்னோம். விருந்தாளியிடம் வேறென்ன சொல்வது! செய்ததோ வேறு. கைபேசி குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருந்தது. கையில் இஞ்சி பூண்டு விழுது; திரை அணைந்துவிட்டது; புறங்கையால் தட்டிப் பார்த்து, முடியாமல், வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டோம். நொய்க்கு எத்தனை பங்கு தண்ணீர் என்ற ஒரே வரியைப் பார்த்ததும் மூடிவிட்டோம். மாலை ஐந்தரை மணிக்குப் பலர் செயலியைத் திறக்கிறார்கள் என்று நிறுவனத்தின் கணக்கு காட்டியிருந்தது. அதைக் கண்டு அதே நேரத்தில் அறிவிப்புகளையும் காணொளிகளையும் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். அடுப்பில் கஞ்சி அடிப்பிடிக்கும் நேரம் அது என்பதைக் கணக்கு சொல்லவில்லை.

சமையல் குறிப்பின் வரலாற்றில் இந்தக் கவனிப்பு புதிதன்று. உறவுப் பெண்கள் பக்குவம் கேட்டுக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்ததால்தான் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' 1951இல் நூலாயிற்று. எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார்கள் என்பதை அந்தக் கடிதங்களே அவருக்குச் சொல்லியிருக்கும். ஜப்பானில் 1990களின் இறுதியில் தொடங்கிய குக்பேட் தளத்தில் 'ட்சுகுரேப்போ' என்றொரு வழக்கம் உண்டு: ஒருவர் தந்த குறிப்பின்படி சமைத்தவர், தாம் சமைத்ததன் படத்தையும் ஓரிரு வரிகளையும் அவருக்கே திருப்பி அனுப்புவார். பார்த்தவர்களின் எண்ணிக்கையைவிட, சமைத்தவர்களின் மறுமொழியே எழுதியவரை மீண்டும் எழுத வைக்கும். எங்களுக்கு இது வெகு இயல்பாகத் தோன்றியது. அண்டை வீட்டிலிருந்து வந்த கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது எங்கள் தெருவில் வழக்கமில்லை.

எங்களுக்கிருந்த மனக்குறை வேறொன்று. நன்னிமாவின் கஞ்சிப் பக்குவம் ஒரு பேத்தி வழியாகச் செயலிக்குப் போய், அங்கிருந்து இன்னொருவர் பெயரில் எங்கள் கைபேசிக்கே திரும்பி வந்திருந்தது. ஹதீஸுக்கு அறிவிப்பாளர் தொடரை ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பழகிய சமுதாயம் நாம். கஞ்சிக்கு அத்தனை கண்டிப்பு வேண்டியதில்லைதான். ஆனாலும் யாரிடமிருந்து கற்றோம் என்று ஒரு வரி எழுத இடமிருந்தால், நன்னிமாக்கள் தாமே முன்வந்து சொல்லுவார்கள் என்று அவளிடம் கூறினோம். அதை அவள் அடிக்கோடிட்டுக் குறித்துக்கொண்டாள்.

அவளுடைய அறிக்கையில் நிறுவனத்திற்கு உவப்பில்லாத ஒரு பகுதி இருந்தது. செயலியில் செலவாகும் நிமிடங்களை ஈடுபாட்டின் அளவாகக் கொள்ளக்கூடாது, குறிப்பின்படி சமைத்து மறுபடியும் திரும்பி வந்தவர்களையே எண்ணவேண்டும் என்று அவள் எழுதியிருந்தாள். நிமிடங்கள் குறைந்தால் அது நல்ல செய்தியாகவும் இருக்கலாம் என்றும் எழுதியிருந்தாள். அந்த வரியை நீக்கிவிடும்படி மேலாளர் கேட்டார். வேலையில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாதவள். வீட்டுக் கடனில் பாதி அவள் சம்பளத்தில் அடைகிறது. இரண்டு இரவுகள் யோசித்தபின், வரியை நீக்காமலே அனுப்பினாள். நீக்கியிருந்தாலும் நாங்கள் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டோம்.

சமைக்கும்போது திரை அணையாதபடி மாற்றினார்கள். ரமலானில் மாலை அறிவிப்புகளை நிறுத்த ஒப்புக்கொண்டார்கள். 'கற்பித்தவர்' என்றொரு கட்டமும் வந்துவிட்டது. ஒரு காணொளி முடிந்ததும் அடுத்தது தானே ஓடுவது மட்டும் அப்படியே இருக்கிறது. அதை நிறுத்தினால் நிமிடக் கணக்கு விழுந்துவிடுமாம். எங்கள் நிமிடங்களை எங்களைக் கேட்காமலே எடுத்துக்கொள்ளும் அந்த ஏற்பாடு எங்களுக்கு உடன்பாடில்லை; அவளுக்கும் இல்லை.

நன்னிமாவின் பக்குவத்தில் ஓர் அளவு மட்டும் எஞ்சியிருந்தது. பாசிப்பருப்பு எவ்வளவு என்று கேட்டால், "என் கைதான் அளவு, வேறென்ன அளவு?" என்பார். அவள் தராசைக் கொண்டுவந்து அந்தக் கைப்பிடியை மூன்று முறை நிறுத்துப் பார்த்தாள். மூன்றுக்கும் வேறுபாடு நான்கு கிராமுக்குள் இருந்தது. இன்ஷா அல்லாஹ், அடுத்த ரமலானில் பள்ளிவாசலில் அண்டா அண்டாவாகக் கஞ்சி காய்ச்சுவோரிடம் அவள் போகப்போகிறாள். அங்கே அளவு மூட்டைக் கணக்கில்.