தண்டவாளங்களுக்கு மேலால் ஒரு பாதை

பாரிசுக்கு வருகிற விருந்தாளிகளைக் கேபிள் காரில் ஏற்றிக் காட்டுகிற பழக்கம் எங்கள் பக்கத்துத் தமிழர்களிடம் புதிதாகத் தொற்றியிருக்கிறது. முதல்நாள் ஈபிள் கோபுரம், அடுத்தநாள் லாச்சப்பல் தமிழ்க் கடைகள், பிறகு கிரெத்தேயிலிருந்து வில்நெவ்-சான்-ஜோர்ஜ் வரைக்கும் வானத்தால் ஒரு சுற்று. லண்டனிலிருந்து வந்திருந்த என் மைத்துனர் ஏறி இறங்கிவிட்டு, "இதில பார்க்க என்ன இருக்கு? கீழ முழுக்கத் தண்டவாளமும் லொறியும்தானே" என்றார்.

அவருடைய நகரத்திலும் 2012 முதல் தேம்ஸ் நதிக்கு மேலால் ஒரு கேபிள் கார் ஓடுகிறது. வேலைக்குப் போகிறவர்களைவிட வேடிக்கை பார்க்க வருகிறவர்கள்தான் அதில் அதிகம். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு எங்களுடையது ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் அவர் குறைசொன்ன அந்தத் தண்டவாளமும் லொறியும் இல்லாவிட்டால் இந்த ஊர்தியே இங்கே வந்திராது.

ஒரு பெருநகரம் தனக்கு வேண்டியதும் தன் கண்ணுக்கு ஆகாததுமான சாமான்களையெல்லாம் எங்கே வைக்கும்? பாரிஸ் அவற்றைத் தென்கிழக்கில், எங்கள் புறநகர்களில் வைத்திருக்கிறது. வில்நெவ்-சான்-ஜோர்ஜில் சரக்கு ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் மிகப் பெரிய தரிப்பிடம். அதிவேக ரயிலுக்குத் தனிப் பாதை. என்406 பெருந்தெரு. தலைக்கு மேலே ஓர்லியில் இறங்கவரும் விமானங்கள். அவற்றின் இரைச்சலில் தொலைபேசியில் கதைப்பவர்கள் வசனத்தை நிறுத்திக் காத்திருந்துவிட்டுத் தொடருவார்கள். எல்லாம் எங்கள் ஊரால் போகின்றன. எதுவும் எங்களுக்காக நிற்பதில்லை. ரயில் நிலையமோ கீழே சேன் நதியோரத்தில். மேட்டுநிலத்துக் குடியிருப்புகளில் இருப்பவர்கள் பஸ்ஸைத்தான் நம்ப வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற அடுத்த ஊருக்குப் போகவும் பஸ் சுற்றிச் சுற்றிப் பாலம் தேடி ஓடும். வாகன நெரிசலில் மாட்டினால் நாற்பது நிமிடம் சாதாரணம். 2011இல் எட்டாம் இலக்க மெத்ரோ கிரெத்தேயின் புவான்ட்-டு-லாக் வரை நீண்டது. அங்கே போய்ச் சேர்ந்தால் போதும், பாரிசுக்குள் போய்விடலாம். போய்ச் சேர்வதுதான் பாடு.

கொலம்பியாவின் மெடலின் நகரம் 2004இல் கேபிள் காரைப் பொதுப் போக்குவரத்தாக ஓட்டத் தொடங்கியபோது, மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறிக்கிடந்த ஏழைக் குடியிருப்புகளை அது கீழேயிருந்த மெத்ரோவோடு இணைத்தது. பொலிவியாவின் லாபாசில் 2014இலிருந்து, பள்ளத்தாக்கு நகரத்துக்கும் மேலே எல் அல்டோவுக்கும் இடையில் மக்கள் கம்பியில் போய்வருகிறார்கள். அங்கெல்லாம் தடையாக நின்றது மலை. எங்கள் பக்கத்தில் மலையென்று சொல்ல ஒரு மேடுதான் இருக்கிறது. மற்றத் தடையெல்லாம் மனிதர்கள் போட்டவை. ஆனபடியால் இந்தப் பாதையிலுள்ள லிமேல்-பிரெவான் ஊர்ப் பக்கத்திலிருந்து 2000களின் கடைசியில் இந்த யோசனை கிளம்பியபோது பலர் சிரித்ததில் ஆச்சரியமில்லை. தட்டைநிலத்தில் பனிச்சறுக்கு ஊர்தியா என்று. பதினைந்து வருடத்துக்கு மேல் இழுபட்டு, 2025 டிசம்பர் 13இல் திறந்தார்கள்.

நீளம் நாலரைக் கிலோமீட்டர். ஐந்து நிலையங்கள். 105 கபின்கள், ஒவ்வொன்றிலும் பத்து இருக்கைகள். முழுத் தூரத்துக்கும் பதினெட்டு நிமிடம். செலவு 138 மில்லியன் யூரோ; நிலத்தைக் குடைந்து மெத்ரோ போடுவதென்றால் அந்தக் காசில் ஒரு கிலோமீட்டர் தேறுவதே கஷ்டம். லாபாசில் கம்பி கட்டிய அதே ஆஸ்திரிய நிறுவனமான டொப்பல்மையர்தான் இங்கேயும் கட்டியது. ஒரே வடம்தான் கபினைத் தாங்குகிறது, அதுவே இழுக்கிறது. நிலையத்துக்குள் நுழைந்ததும் கபினின் பிடி வடத்திலிருந்து கழன்றுவிடும். கபின் மெல்ல ஊர்ந்து, கதவு திறந்து, ஆட்கள் ஏறியதும் மறுபடி வடத்தைக் கவ்விக்கொண்டு கிளம்பும். பிள்ளை வண்டில், சக்கர நாற்காலி, சைக்கிள் எல்லாம் உள்ளே போகும். மணிக்கு ஒரு திசையில் 1,600 பேரை ஏற்றலாம் என்பது கணக்கு. மெத்ரோ மூன்று ரயிலில் அள்ளிக்கொண்டு போகிற கூட்டம் அது. ஆகவே இதை மெத்ரோவுக்கு மாற்று என்று சொல்பவர்களை நான் நம்பமாட்டேன். இது மெத்ரோவுக்குப் போகிற வழி, அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதான் எவ்வளவு என்பது பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்களுக்குத் தெரியும். அகதியாக வந்து இறங்கிய காலத்திலிருந்து எங்கள் ஆட்கள் இந்த நாட்டைப் பஸ் நேரத்தால்தான் அளந்து வந்திருக்கிறார்கள். வீடு பார்க்கப் போனால் வாடகைக்கு அடுத்த கேள்வி அதுதான். பாரிசில் அலுவலகங்கள் துப்புரவு செய்யும் அக்கா ஒருவர் ஒரு பஸ் வராமல் போனாலும் வேலைக்குப் பிந்தாமலிருக்க, எப்போதும் அதற்கு முந்திய பஸ்ஸுக்கே இறங்குவார். கபின்கள் நெரிசல் நேரத்தில் அரை நிமிடத்துக்கு ஒன்றாக வருவதால் அவருக்கு இப்போது அந்த முன்னெச்சரிக்கை தேவையில்லை. "நித்திரை கொஞ்சம் கூடக் கிடைக்குது தம்பி" என்றார். புவான்ட்-டு-லாக்கில் மெத்ரோ பிடித்து, ரெபுப்ளிக்கில் ஐந்தாம் இலக்கத்துக்கு மாறினால் கார்-து-நோர் ரயில் நிலையம். அங்கிருந்து லாச்சப்பல் நடைதூரம். சனிக்கிழமைகளில் கபினுக்குள் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம்.

முதலில் முணுமுணுப்பும் இருந்தது. தங்கள் வீட்டு முற்றத்துக்கு மேலால் அந்நியர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டு போவதா என்று பாதையோரத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கபினுக்குள் இருந்து பார்த்தால், எதிரெதிரே உட்கார்ந்த ஆட்கள் ஒருவரையொருவர் பார்க்காமலிருக்கத்தான் அதிகம் பாடுபடுகிறார்கள். பஸ்ஸில் யாரோடும் கதைக்காதவர்கள் கூட, காற்றில் கபின் ஒருமுறை ஆடினால் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

கட்டணம் பஸ் கட்டணம்தான். ஆனால் அந்த ஒற்றைச் சீட்டோடு மெத்ரோவுக்கு மாற முடியாது, அதற்கு வேறு சீட்டு. மாதாந்த நவிகோ பயண அட்டை வைத்திருப்பவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. சம்பளச் சிட்டை உள்ளவருக்கு அந்த அட்டையின் பாதிக் காசை முதலாளி சட்டப்படி தந்தாக வேண்டும். சிட்டை இல்லாமல் கைக்காசுக்கு வேலை செய்கிறவர்தான் இரண்டு சீட்டையும் முழு விலைக்கு வாங்குகிறார்.

நேரமும் அப்படித்தான். கேபிள் இரவு பதினொன்றரையோடு நின்றுவிடும். எட்டாம் இலக்க மெத்ரோ ஒரு மணி தாண்டியும் ஓடும். உணவகக் குசினிகளில் கோப்பை கழுவுகிறவர்கள் வேலை முடித்துவர நள்ளிரவாகும். அவர்கள் புவான்ட்-டு-லாக்கில் வந்து இறங்கும்போது கேபிள் நிலையம் பூட்டியிருக்கும். மேட்டில் குடியிருக்கும் பொடியன் ஒருவன் இதற்காகவே தன் முதலாளியிடம் கெஞ்சி மத்தியான வேலைக்கு மாற்றிக் கேட்டிருக்கிறான். கிழமையில் மூன்று நாளுக்குக் கிடைத்துவிட்டது.

"மிச்சம் ரெண்டு நாளும்?" என்று கேட்டேன்.

"குசினியில ஒரு அண்ணை கார் வச்சிருக்கிறார். பெற்றோலுக்குக் காசு குடுக்கிறன்" என்றான்.