அவள் அறிந்த வீடு

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்துக்கு 2006இல் விதிகள் வந்தன. அவற்றில் ஐந்தாம் படிவம்தான் பாதுகாப்புத் திட்டம். என்ன வன்முறை நடந்தது, அதனால் என்ன பாதிப்பு, இனி எதற்கு அஞ்சுகிறாள், பாதுகாப்புக்கு என்ன வேண்டும், நீதிமன்றத்திடம் எந்த உத்தரவைக் கேட்கிறாள் என்று கட்டம் கட்டமாக இருக்கும். பாதிக்கப்பட்ட பெண்ணோடு கலந்து பேசித்தான் பாதுகாப்பு அலுவலர் அதைத் தயாரிக்க வேண்டும் என்கிறது விதி. ஆலோசகராக நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த ஒரு நிபந்தனையிலிருந்துதான்.

அடிபட்டு வந்து உட்கார்ந்திருப்பவளைப் பார்த்ததும் "இன்னைக்கே வெளியே வந்துடுங்க" என்று சொல்ல மனம் துடிக்கும். ஆனால், அவள் பிரியப் போகிறாள் என்று அடிப்பவனுக்குத் தெரியவரும் நாள்களிலும், பிரிந்த பின் வரும் மாதங்களிலும்தான் உயிராபத்து கூடுகிறது. அதுவரை அடக்கி வைத்திருந்தவள் கைமீறிப் போவதை அவனால் தாங்க முடிவதில்லை. எனவே முதலில் ஆபத்தின் அளவைக் கேட்டறிய வேண்டும். கொன்றுவிடுவேன் என்று மிரட்டுகிறாரா? அரிவாள், மண்ணெண்ணெய் எடுத்ததுண்டா? கர்ப்பமாக இருந்தபோது அடித்தாரா? முன்பு நீங்கள் கிளம்ப முயன்றபோது என்ன செய்தார்?

கழுத்தைப் பற்றித் தனியாகக் கேட்பேன். "அடிக்கல மேடம், கழுத்தைத்தான் பிடிச்சார்" என்று சாதாரணமாகச் சொல்லிக் கடந்து போகிறவர்கள் உண்டு. கழுத்தை நெரிப்பவன் பின்னாளில் கொலை வரைக்கும் போகும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வெளியே தடம் தெரியாவிட்டாலும் உள்ளே காயம் இருக்கலாம். குரல் கம்மினால், விழுங்க வலித்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே வழுக்கி விழுந்தேன் என்று சொல்லாமல், யார் என்ன செய்தார் என்று சொன்னால் விபத்துப் பதிவேட்டில் ஏறும். பிறகு வழக்குக்கு அதுவே சாட்சி.

இதற்குப் பின் நான் பேசுவதைக் குறைத்துக்கொள்கிறேன். அந்த வீட்டை அவளைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. பைக் சத்தத்திலேயே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். சம்பள நாள், டாஸ்மாக் போகும் நேரம், மாமியார் கதவைத் தாழ்போடும் வழக்கம் எல்லாம் தெரியும். அதைக் கேட்டு வரிசைப்படுத்துவது என் வேலை. சண்டை மூண்டால் சமையலறைக்குள் போகக் கூடாது, அங்கே கத்தியும் நெருப்பும் இருக்கின்றன. குளியலறைக்கு இரண்டாவது வழி இல்லை. வாசல் பக்கம் நகர வேண்டும். பிள்ளைகள் நடுவில் விழுந்து தடுக்காமல் பக்கத்து வீட்டுக்கு ஓட வேண்டும். அந்த வீட்டம்மாவிடம் முன்பே பேசி, ஒரு மிஸ்டு கால் வந்தால் போலீசைக் கூப்பிடச் சொல்லி வைக்கலாம்.

கட்டி வைத்த பை வீட்டில் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். ஆதார், குடும்ப அட்டை, பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, அடகுச் சீட்டு ஆகியவற்றை ஒவ்வொன்றாக வேலை செய்யும் இடத்துக்கோ மகளிர் குழுத் தோழி வீட்டுக்கோ நகர்த்தலாம். மாற்றுச் சான்றிதழ் கைக்கு வரவில்லை என்று பிள்ளையின் படிப்பை நினைத்துத் தயங்க வேண்டாம். அதைக் காரணம் காட்டி எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் சேர்க்கையைத் தாமதிக்கவோ மறுக்கவோ 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அனுமதிப்பதில்லை.

போனில் கூடுதல் கவனம் வேண்டும். வாட்ஸ்அப் வேறு கருவியில் திறந்திருக்கலாம், கூகுள் கணக்கு இருப்பிடத்தைக் காட்டலாம், வங்கியின் ஓடிபி அவன் எண்ணுக்குப் போகலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் அவன் உஷாராகிவிடுவான். முக்கியமான அழைப்புகளை வேறொருவர் போனில் பேசுவதே நல்லது.

எங்கே போவது? தாய்வீடுதான் அவன் முதலில் தேடி வரும் இடம். அதையும் கணக்கில் எடுத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள்கள் தங்கலாம், அதன்பின் விடுதி. மகன் வளர்ந்தவனாக இருந்தால் அவனையும் சேர்ப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். வெளியேறாமலும் பாதுகாப்புக் கேட்கலாம். வீடு அவள் பெயரில் இல்லாவிட்டாலும் அங்கே வசிக்கும் உரிமையைக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தருகிறது. அவனை வெளியேறச் சொல்லி உத்தரவிட 19ஆம் பிரிவில் இடமுண்டு. அவசரமென்றால் 23ஆம் பிரிவின்கீழ் இடைக்கால உத்தரவு கேட்கலாம். தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை. பெண் என்றாலே வருமானம் பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும்.

வெளியே வந்த பிறகுதான் திட்டத்தின் இரண்டாம் பாதி. "கடைசியா ஒரு தடவை பேசணும்" என்று அழைப்பு வரும். பெரியவர்கள் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவார்கள். தனியாகப் போகக் கூடாது. பிள்ளையை யாரிடம் அனுப்பலாம் என்று பள்ளியில் எழுதிக் கொடுக்க வேண்டும். வேலைக்குப் போகும் வழியை மாற்ற வேண்டும். வாய்தா நாளில் துணையோடு வந்து துணையோடு திரும்ப வேண்டும்.

எல்லாம் பேசி முடித்து அதே வீட்டுக்குத் திரும்பிப் போகிறவர்களும் உண்டு. அவர்களிடம் கோபப்பட எனக்கு உரிமையில்லை. எந்த நாளில் கிளம்பினால் உயிரோடு இருக்கலாம் என்ற கணக்கு அவர்களுடையது. எழுதிய காகிதம் எங்களிடம் இருக்கும். எண்களை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போகச் சொல்வேன்: 181 மகளிர் உதவி எண், உடனடி ஆபத்துக்கு 112.

உங்கள் அக்காவோ தோழியோ உங்களிடம் வாய் திறந்தால் "ஏன் இன்னும் அங்கேயே இருக்கே?" என்று கேட்காதீர்கள். "உனக்கு எது பயமா இருக்கு? நான் என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். அவள் சொல்வதை நம்புங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள். அவள் கேட்டதைச் செய்யுங்கள்.