தண்ணீர் காற்றைக் குளிர்விக்கும் கதை

அண்ணன் மகனிடம் இருப்பது பழைய டர்போ டீசல் லாரி. பாரத்தோடு ஏற்காடு மலை ஏறினால் இழுவை விட்டுப்போய்க் கரும்புகை தள்ளுகிறது. முகப்பில் பெரிய இன்டர்கூலருக்கு இடமில்லை. "தண்ணீர் ஓடுகிற இன்டர்கூலர் மாட்டட்டுமா, சித்தப்பா?" என்று கேட்டான்.

பிரெஞ்சில் பௌதிகம் படித்த எனக்குக் கே-லுசாக் விதிதான் ஞாபகம் வந்தது. டர்போ அமுக்குகிற காற்று சூடாகும். சூடான காற்று இடத்தை அடைக்கும். அதே அழுத்தத்தில் 120 டிகிரிக் காற்றை 60-க்கு இறக்கினால், அதே இடத்தில் சுமார் 18 சதவீதம் கூடுதல் காற்று அடங்கும். டீசல் நன்றாக எரியும், புகை குறையும்.

இன்ஜின் ரேடியேட்டர் தண்ணீரையே திருப்பிவிடலாம் என்றான் மெக்கானிக். அது 80, 90 டிகிரியில் ஓடுவது, எதைக் குளிர்விக்கும்? இதற்கென்று தனித் தொட்டி, தனி பம்ப், முன்னால் தனியாக ஒரு சிறு ரேடியேட்டர் வேண்டும். தண்ணீர் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். சின்ன ஏற்றத்துக்குத் தொட்டியே போதும்; நீண்ட மலைப்பாதையில் அந்தச் சிறு ரேடியேட்டர்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். அதில் காசு மிச்சம் பிடிக்காதே என்றேன்.

இன்னொன்று. உள்ளே குழாய் ஒழுகினால் தண்ணீர் நேராக சிலிண்டருக்குப் போகும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அவனுக்குச் சோறு போடுவது அந்த ஒரு வண்டிதான்.

மாட்டிவிட்டான். தினமும் காலையில் தொட்டி மட்டம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். குறைந்திருந்தால், தண்ணீர் எங்கே போனது என்று தெரியாமல் ஸ்டார்ட் பண்ணக் கூடாது.