எழுபது வளைவும் இரண்டு லென்ஸும்

வெளியூர்ப் பயணம் என்றால் ஆண்களுக்கு வண்டி ஒன்றுதான் கவலை. மூட்டை கட்டுவது நம் பாடு! குழந்தைக்கு மாற்றுத்துணி, பெரியவர்களுக்கு மாத்திரை, எல்லோருக்கும் கட்டுச்சாதம் என்று வைத்து முடித்த பிறகு பையில் மிச்சமிருக்கும் ஒரு சாண் இடம்தான் நம் ஆசைக்கு. என் ஆசை காமிரா.

போன வருஷம் கொல்லிமலைக்குப் போவதென்று முடிவாயிற்று. உல்லாசப் பயணம் என்று சொல்ல மாட்டேன். என் மாமியார் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் வாழவந்தி நாட்டில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். அந்த மலையில் ஊர்ப்பகுதிகளை நாடு என்றுதான் சொல்வார்கள்: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று. இப்போது அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலும் தேய்மானம்.

"ஆகாய கங்கையை இன்னொரு தடவை பார்க்கோணும் கண்ணு" என்றார்.

அறப்பளீஸ்வரர் கோயில் வரை வண்டி போகும். அருவிக்கோ அங்கிருந்து ஆயிரம் படிகளுக்கு மேல் கீழே இறங்க வேண்டும். இறங்கியதை எல்லாம் திரும்ப ஏறவும் வேண்டும். படி ஏறவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே அருவியை மேலே கொண்டுவந்து அத்தைக்குக் காட்டும் பொறுப்பு என் காமிராவுக்கு வந்து சேர்ந்தது.

என்னிடம் மூன்று லென்ஸ்கள் உண்டு. காமிராவோடு வந்த 18-55 மி.மீ., தூரத்துக் காட்சியைக் கிட்டே இழுக்கும் 55-250 மி.மீ., சின்னதாக ஒரு 50 மி.மீ. மூன்றையும் தூக்கிப் போட்டுக்கொண்டு போனால் என்ன என்று கேட்பீர்கள். எடை சுமார் முக்கால் கிலோதான். ஆனால் காமிரா, தண்ணீர்ப் புட்டி, பையனின் ஸ்வெட்டர் எல்லாம் சேர்ந்து ஒரே தோளில் தொங்கினால், ஆயிரம் படி ஏறும்போது இடுப்பு பதில் சொல்லும். பிள்ளை பெற்ற உடம்பு நமக்கு, மறந்துவிடக் கூடாது.

வல்வில் ஓரி ஆண்ட மலை அது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தினான் என்று சொல்வார்கள். லென்ஸில் அப்படி ஓர் அம்பு கிடையாது. அதனால் நான் சமையலறை வழியில் யோசித்தேன். என்ன சமைக்கப் போகிறோம் என்று தெரிந்த பிறகுதானே பாத்திரம் எடுக்கிறோம்? முதலில் என்னென்ன படம் வேண்டும் என்று அத்தையையே கேட்டு எழுதிக்கொண்டேன். அருவி முழுசாக, பழைய பள்ளிக்கூடம், சோளக்காட்டுச் சந்தை, தெரிந்த முகம் யாராவது இருந்தால் அவர்கள்.

அருவி சுமார் 300 அடி உயரம். காமிராவை நெட்டுக்குப் பிடித்து 18 மி.மீ.யில் எடுத்தால் 240 அடி தள்ளி நின்றாலே உச்சி முதல் அடி வரை அடங்கும். 50 மி.மீ. என்றால் ஏறக்குறைய 670 அடி பின்னால் போகவேண்டும். பாறையும் மரமுமாக இருக்கிற பள்ளத்தில் அவ்வளவு தூரம் எங்கே போவது? ஆக, 18-55 கட்டாயம்.

முகங்களுக்கு 50 மி.மீ. அதன் கண் 1.8 வரை திறக்கும். மற்றது அதே தூரத்தில் 5.6தான். கணக்குப் பார்த்தால் பத்து மடங்கு வெளிச்சம் கூட. ஓட்டு வீட்டுத் திண்ணையில் ஃப்ளாஷ் அடித்து யார் கண்ணையும் கூச வைக்க வேண்டாம்.

மிஞ்சியது 55-250. "குரங்கு எடுக்கலாம்மா!" என்று பையன் அதற்காக வாதாடினான். ஆனால் 250 மி.மீ.யில் கை நடுக்கம் தெரியாமலிருக்க விநாடியில் 250-ல் ஒரு பங்கு வேகமாவது வேண்டும். மேகம் இறங்கிய மரநிழலில் அது சுலபமில்லை. இன்னொன்றும் என் மனதில் இருந்தது. வயலில் குனிந்து வேலை செய்யும் பெண்ணை, அவளுக்குத் தெரியாமல் தூரத்திலிருந்து எடுக்க அந்த லென்ஸ் ஆசை காட்டும். நம்மை யாராவது அப்படி எடுத்தால் பொறுப்போமா? அதை அலமாரியிலேயே விட்டுவிட்டேன். அந்த இடத்தில் அத்தைக்கு ஒரு மடக்கு நாற்காலித் துணி போயிற்று.

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். கிளம்பும்முன் ஆளுக்கு இரண்டு இட்லிதான் கொடுத்தேன். பையனைப் புத்தகமோ போனோ பார்க்கவிடாமல் எதிரே சாலையைப் பார்க்கச் சொன்னேன். வாந்தி, தலைசுற்றல் யாருக்கும் இல்லை.

அருவியடியில் சாரல் மழை மாதிரி அடித்தது. மெல்லிய துணியால் லென்ஸைத் துடைத்துத் துடைத்து எடுத்தேன். ஒவ்வொரு படமும் எடுத்தவுடன் மூடி போட்டேன். மூச்சிரைக்க மேலே வந்து காமிராவின் திரையைக் காட்டினதும் அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"எல்லாம் அப்படியே இருக்குது. சத்தந்தான் கேக்கலை" என்றார்.

"அதுக்கு உங்க மகன் போன் இருக்குதுங்க அத்தை" என்றேன். இவர் பதிவு செய்து வந்திருந்த இரைச்சலைக் காதோடு வைத்துக் கேட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வாழவந்தி நாட்டில் ஒரு திண்ணையில், "டீச்சருங்களா?" என்று ஓர் அம்மாள் எழுந்து வந்தார். அத்தையிடம் ஒன்றாம் வகுப்பு படித்தவராம். இன்று அவரே பாட்டி! படம் எடுக்கலாமா என்று கேட்டேன். "இருங்க" என்று உள்ளே போய், புடவை மாற்றி, தலை வாரி, பொட்டு வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அதுதானே நியாயம்! இருவர் முகமும் அந்தச் சின்ன லென்ஸில் வந்ததுபோல் வேறெதிலும் வந்திருக்காது.

மலைக்குப் போய்வந்த லென்ஸை ஈரத்தோடு பூட்டிவைத்தால் கண்ணாடியில் பூஞ்சை படரும், சகோதரிகளே. குளிரிலிருந்து வந்ததும் பையைத் திறக்காமல் சற்று நேரம் வையுங்கள், ஆவி படியாது. பிறகு துடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அரிசிக்குள் மட்டும் புதைக்காதீர்கள். மாவுத்தூசி உள்ளே போகும்.

நல்ல படங்களைப் போனிலேயே விட்டுவிடாமல் அச்சுப் போடுங்கள். முதல் பிரதி, படத்தில் இருப்பவருக்கு. எங்களுடையது அந்த வாரமே மலைக்குத் தபாலில் ஏறியது.