நிப்பாட்ட வேண்டாம் எண்டு திரை சொல்லும்

பீட்டா ஓஎஸ் எண்டால் கனபேர் சொல்லுறது ஒண்டுதான்: "சரிவராட்டி அழிச்சுப்போட்டு பழையதைப் போடுவம்." அது பாதி உண்மை.

2017 ஜூனில் ஆப்பிள் ஹை சியராவைப் பீட்டாவாக வெளியிட்டது. அதோடு ஏபிஎஃப்எஸ் என்ற புதிய கோப்பு முறைமையும் வந்தது. 2010 ஐமேக் போன்ற பழைய மெசின்களின் ஃபேர்ம்வெயருக்கு அதிலிருந்து பூட் ஆகத் தெரியாது. அதனால் இன்ஸ்டோலரே ஃபேர்ம்வெயரையும் புதுப்பித்தது. வேறு பார்ட்டிஷனில் போட்டாலும் ஃபேர்ம்வெயர் ஒண்டுதான். டிஸ்க்கை அழித்தால் ஓஎஸ் போகும். மதர்போட் சிப்பில் எழுதியது போகாது.

அந்தச் சில நிமிசத்தில் கரண்ட் போனால் மெசின் பிறகு எழும்பாமலே விடலாம். எங்கட வீட்டில் இருக்கிறது ஒரேயொரு செக்கன்ட் ஹேண்ட் ஐமேக். என்ர டிசைன் வேலை, தங்கச்சியின்ர படிப்பு எல்லாம் அதிலதான். 2022இல் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டின நாடு இது.

"நிப்பாட்ட வேண்டாம்" எண்டு திரை சொல்லும். நிப்பாட்டுறது எங்கட கையில இருந்தால்தானே! புதுசைப் பார்க்கிற ஆசை எனக்கும் இருக்கு. ஆனால் பக்அப் எடுத்து, நல்ல பற்றரியோட யூபிஎஸ் ஒண்டு பக்கத்தில இருந்தால்தான் அந்தப் பட்டனை அமத்துவன்.