பாஸ்வேர்டு சரிதான், பிறகு ஏன் கேட்கிறது?

மின்னஞ்சல் மென்பொருள் பாஸ்வேர்டு கேட்டால், போட்டது தப்பு என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று பார்க்கிறோம், கேப்ஸ் லாக்கைத் தொட்டுப் பார்க்கிறோம், கடைசியில் பாஸ்வேர்டையே மாற்றிவிடுகிறோம். மாற்றியதும் அதே கணக்கு இருக்கும் போன், லேப்டாப், வீட்டுக் கம்ப்யூட்டர் எல்லாம் வரிசையாகக் கேட்க ஆரம்பிக்கின்றன. வேலை நேரத்தில் இந்தச் சின்னப் பெட்டி மனிதர்களை என்ன பாடு படுத்துகிறது என்று பார்த்திருப்பதால், அது எங்கிருந்து வருகிறது என்று அடிவரை போய்ப் பார்த்துவிட ஆசைப்பட்டேன்.

வாய்ப்பு திருப்பூரில் கிடைத்தது. என் தங்கை கணக்கு பார்க்கும் பின்னலாடை ஏற்றுமதி அலுவலகத்தில் ஒரே மின்னஞ்சல் முகவரியை இரண்டு கம்ப்யூட்டர்களில் போட்டு வைத்திருக்கிறார்கள். மெர்ச்சண்டைசர் மேஜையில் ஒன்று, கணக்குப் பிரிவில் ஒன்று. தொல்லை கணக்குப் பிரிவில்தான்.

"பாஸ்வேர்டெல்லாம் சரியாத்தான் இருக்குண்ணா. போட்டா சில சமயம் எடுத்துக்கும், கொஞ்ச நேரத்துல மறுபடியும் கேக்கும். மெர்ச்சண்டைசர் வீட்டுக்குப் போயிட்டா கேக்கவே கேக்காது" என்றாள்.

வழக்கமாகச் சந்தேகப்படும் இடங்களை முதலில் பார்த்தேன். விண்டோஸ், சேமித்த பாஸ்வேர்டுகளை கிரெடென்ஷியல் மேனேஜரில் வைத்திருக்கும். அங்கே பழையது ஒட்டிக்கொண்டிருந்தால் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். விண்டோஸ் லாகின் பாஸ்வேர்டை நிர்வாகி ரீசெட் செய்திருந்தால், அதைச் சாவியாக வைத்துப் பூட்டிய மற்ற பாஸ்வேர்டுகளைத் திறக்க முடியாமல் போவதும் உண்டு. ஆனால் இவையெல்லாம் ஆள் இருக்கும்போதும் இல்லாதபோதும் ஒரே மாதிரி தொல்லை கொடுக்கும். மெர்ச்சண்டைசர் கிளம்பியதும் சரியாகிவிடுகிற கோளாறுக்கு வேறு காரணம் இருக்க வேண்டும்.

ஆகவே மென்பொருளை ஒதுக்கிவிட்டு சர்வருடன் நானே நேராகப் பேசிப் பார்த்தேன். செய்வது கடினமில்லை. கறுப்புத் திரையில் சர்வரின் 995-ஆம் போர்ட்டுக்கு ஓர் இணைப்பைப் போட்டால் அது ஒரு வரி வணக்கம் சொல்லும். 'யூசர்' என்று அடித்துக் கணக்கின் பெயரைக் கொடுத்தேன். '+ஓகே' என்றது. 'பாஸ்' என்று அடித்து பாஸ்வேர்டைக் கொடுத்தேன். அந்த நேரத்தில் மெர்ச்சண்டைசரின் கம்ப்யூட்டர், வெளிநாட்டு பையர் அனுப்பிய ஆர்ட்வொர்க் ஃபைல்களை இறக்கிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த பதில் '-எர்ர்' என்று தொடங்கியது. அடுத்து சதுர அடைப்புக்குள் 'இன்-யூஸ்'. அதற்கும் பிறகு, இந்த அஞ்சல்பெட்டியை வேறோர் இணைப்பு பூட்டி வைத்திருக்கிறது என்று தெளிவான ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். சர்வர் காரணத்தை மறைக்கவே இல்லை. இடையில் இருந்த மென்பொருள்தான் அந்த வரியை விழுங்கிவிட்டு, பாஸ்வேர்டு பெட்டியை நீட்டியிருக்கிறது.

அந்த அடைப்புக்குறி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு போனேன். இணையத்தின் நடைமுறைகள் ஆர்.எஃப்.சி. என்ற வரிசை எண்ணிட்ட ஆவணங்களில் இருக்கின்றன. யாரும் காசில்லாமல் படிக்கலாம். 'இன்-யூஸ்' பிறந்தது 1998 நவம்பரில் வந்த 2449-ஆம் ஆவணத்தில். பாஸ்வேர்டு சரி, ஆனால் பெட்டியை வேறொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார் என்பதே அதன் பொருள். இதைத் தனியாகச் சொல்ல வேண்டிய தேவை ஏன் வந்தது என்று கேட்டபோதுதான் இன்னும் பின்னால் போக நேர்ந்தது.

இந்த அலுவலகமும் பயன்படுத்திய, சர்வரிலிருந்து அஞ்சலை இறக்கிக்கொள்ளும் பாப் முறையை 1984 அக்டோபரில் ஜாய்ஸ் ரெய்னால்ட்ஸ் 918-ஆம் ஆவணத்தில் எழுதினார். எந்நேரமும் வலையில் இணைந்திருக்க முடியாத சின்னக் கம்ப்யூட்டரும், எப்போதும் விழித்திருக்கும் பெரிய சர்வரிலிருந்து தன் அஞ்சலை வாங்கிக்கொள்ள ஒரு வழி வேண்டியிருந்தது. 1988 நவம்பரில் மார்ஷல் ரோஸ் இதன் மூன்றாம் வடிவமான பாப்3-ஐக் கொடுத்தார். அதில் சர்வர் எதற்கும் இரண்டே பதில்கள்தான் சொல்லும்: '+ஓகே', '-எர்ர்'. அதன் பிறகு வரும் வாக்கியம் மனிதர் படிப்பதற்கு. மென்பொருள் அதைப் பொருள்கொள்ள வேண்டும் என்று விதி இல்லை.

1996 மே மாதம் ஜான் மையர்ஸும் ரோஸும் சேர்ந்து எழுதிய 1939-ஆம் ஆவணம்தான் இன்றும் நடப்பில் இருக்கும் விதி. அதில் 'பாஸ்' கட்டளைக்கு வரக்கூடிய பதில்கள் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன. பாஸ்வேர்டு செல்லாது என்பது ஒன்று. பெட்டியைப் பூட்ட முடியவில்லை என்பது இன்னொன்று. இரண்டும் '-எர்ர்' என்றே தொடங்குகின்றன. இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. தேடி வந்த ஊற்று இந்த இரண்டு வரிகள்தான்.

பூட்டு எதற்கு என்றால், உள்ளே நுழைந்ததும் அஞ்சல்களுக்கு 1, 2, 3 என்று எண் கொடுக்கப்படுகிறது. அழிக்கச் சொன்னவை விடைபெறும்போதுதான் உண்மையில் அழிகின்றன. நடுவில் இன்னொருவர் புகுந்து அழித்தால் எண்கள் குழம்பிவிடும். வங்கி லாக்கர் அறையில் ஒருவர் இருக்கும்போது அடுத்தவரை வெளியே நிறுத்துவது போலத்தான். நிற்பவரின் சாவியில் கோளாறு இல்லை. இதில் இன்னொரு விதியும் சேர்ந்துகொள்கிறது. சும்மா இருக்கும் இணைப்பைத் துண்டிக்க சர்வர் நேரக் கணக்கு வைத்திருந்தால், அது குறைந்தது 10 நிமிடம் இருக்க வேண்டும். இறக்கிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போய் ஒரு கம்ப்யூட்டர் அணைந்தால், பூட்டு அவ்வளவு நேரமும் விழுந்தபடியே இருக்கலாம். அதுவரை மற்ற மேஜையில் பாஸ்வேர்டு பெட்டி கேட்டுக்கொண்டே இருக்கும்.

இந்த விதிகளை எழுதியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஓர் ஆள், ஒரு கம்ப்யூட்டர், ஒரு பெட்டி என்ற காலத்துக்கு அது நேர்த்தியான ஏற்பாடு. எளிமையாக இருந்ததால்தான் இத்தனை ஆண்டுகள் நிலைத்தது. குறை புரிந்ததும் திருத்தவும் செய்தார்கள். 2002 பிப்ரவரியில் ராண்டல் ஜெலன்ஸ் எழுதிய 3206-ஆம் ஆவணம், உள்ளே விட முடியாததற்குக் காரணம் சர்வரின் கோளாறா, பயனர் கொடுத்த விவரமா என்று பிரித்துச் சொல்லும் குறியீடுகளைச் சேர்த்தது. பாப்புக்கு மாற்றாக இருக்கும் ஐமேப் முறைக்கு 2009 மே மாதம் 5530-ஆம் ஆவணம் அதே வேலையைச் செய்தது. வழி இருந்தும் அதைப் படிக்காமல் விடும் மென்பொருள்கள் மீதுதான் எனக்குக் கோபம். வந்த பதிலை அப்படியே ஒரு வரி காட்டினால் போதும்.

பிற்காலத்தில் அதே பாஸ்வேர்டு பெட்டிக்கு வேறு காரணங்களும் சேர்ந்தன. வெறும் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து ஜிமெயிலுக்குள் நுழையும் வெளி மென்பொருள்களை கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்தத் தொடங்கியது. அங்கே உலாவி வழியாக அனுமதி கொடுக்கும் ஓஆத் முறை வேண்டும். இல்லையென்றால், இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து கொண்ட தனி ஆப் பாஸ்வேர்டு எடுக்க வேண்டும். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் அந்த ஆப் பாஸ்வேர்டும் செல்லாமல் போகும். மைக்ரோசாஃப்ட் தன் அலுவலகக் கணக்குகளில் 2022 அக்டோபரிலிருந்தும், அவுட்லுக்.காம் தனிக் கணக்குகளில் 2024 செப்டம்பர் 16 முதலும் பழைய முறையை மூடியது. பழைய மென்பொருளில் சரியான பாஸ்வேர்டை எத்தனை முறை அடித்தாலும் சர்வர் உள்ளே விடாது.

திருப்பூர் அலுவலகத்துக்குத் தீர்வு ஐமேப். மார்க் கிரிஸ்பின் 1980-களில் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கிய அந்த முறையில் அஞ்சல்கள் சர்வரிலேயே இருக்கும்; பல கம்ப்யூட்டர்கள் ஒரே நேரத்தில் ஒரே பெட்டியைத் திறந்து வைத்திருக்கலாம். அமைப்பை மாற்றுவது சில நிமிட வேலை. நேரம் பிடித்தது வேறு. பாப் வழியாக இறக்கிய பழைய அஞ்சல்கள் சர்வரில் இல்லை. மெர்ச்சண்டைசரின் ஹார்டு டிஸ்க்கில் மட்டுமே இருந்தன. ஆர்டர் விவரம், சாம்பிள் அப்ரூவல், பையருடன் நடந்த விலைப் பேச்சு எல்லாம் அதற்குள். முதலில் அதை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் நகல் எடுத்தோம். பிறகு தங்கை பையர் பெயர் வாரியாக ஃபோல்டர் போட, ஆண்டு ஆண்டாக சர்வருக்கு ஏற்றினோம்.