பெட்டியை மாற்றும் முன்

முதலமடை மாங்காய்ப் பருவத்தில் கொல்லங்கோடு–கோவிந்தாபுரம் சாலையில் ஒரு பிக்கப் நின்றுபோனால் டிரைவருக்குக் கை உதறும். பழம் காத்திருக்காது. அந்த அவசரத்தில்தான் "ஈசிஎம் போச்சு" என்ற தீர்ப்பும் சட்டென்று வந்துவிடுகிறது. ஈசிஎம் என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி.

பயணிகள் காரில் காமன் ரெயில் டீசல் முதலில் வந்தது 1997-இல், ஆல்ஃபா ரோமியோ 156-இல். டீசலை எப்போது, எவ்வளவு பீய்ச்சுவது என்பதை அதில் இந்தக் கணினிதான் முடிவுசெய்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பிஎஸ்-6 கட்டாயமானதும் அதன் வேலை இன்னும் கூடிவிட்டது.

ஆனால் பல நேரம் குற்றவாளி பெட்டி அல்ல. தளர்ந்த எர்த், சோர்ந்த பேட்டரி, எலி கடித்த ஒயர். நெல்லியாம்பதி அடிவார மழையில் நனைந்த கனெக்டரைக் கழற்றினால் பின்னில் பச்சை பூத்திருக்கும். ஒரே ஒரு சென்சார் ஷார்ட் ஆகி 5 வோல்ட் லைனை இழுத்துவிட்டாலும் போதும், ஸ்கேனரில் கோளாறுகள் வரிசைகட்டும். பழி கணினிமேல் விழும்.

பழைய சாமான் கடைப் பெட்டி மலிவுதான். இம்மொபிலைசர் உள்ள வண்டியில் அது சாவியை அடையாளம் காணாது. பல இன்ஜின்களில், ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் பொறித்திருக்கும் குறியீட்டையும் புதிய பெட்டியில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் ஐடிலில் நடுக்கம், புகை.

எனவே இக்னிஷனைப் போட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் பெட்டியின் எர்த் பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைக்கச் சொல்லுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முதலில் எர்த்தைச் சரிசெய்யட்டும். பெட்டி விலையை அப்புறம் பேசலாம்.